தலையில்லா வாசலில் தலை குனிந்தவன்

எங்கள் பலேர்மோவில் ஒருவன் ஊரையே ஏமாற்றிவிட்டுக்கூட நிமிர்ந்து நடக்கலாம், கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் போர்த்தா ஃபெலீச்சே வாசலில் தலை குனிந்தேன் என்று சொல்லிவிட்டு நடக்க முடியாது. காரணம், அந்த வாசலுக்குத் தலையே கிடையாது. இந்தப் பக்கம் ஒரு கல் கோபுரம், அந்தப் பக்கம் ஒரு கல் கோபுரம், நடுவில் ஆகாயம். சாந்த ரொசாலியா அம்மையின் தேர் முட்டாமல் கடற்கரைக்குப் போகட்டும் என்று நானூறு வருஷத்துக்கு முன்பே மேலே மூடாமல் விட்டது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

வெனெராந்தோவுக்குத் தெரியவில்லை. அவன் தீவின் மறுகோடியிலிருந்து வந்த கட்டானியாக்காரன்.

"இன்னொரு தடவ சொல்லு தம்பி," என்றார் தோன்னா நின்ஃபா.

தோன்னா என்பது மரியாதைக்கு. வயது அறுபத்தொன்று, தொழில் துப்பறிவது, பொழுதுபோக்கு என்னைத் திட்டுவது. என் பெயர் கஸ்பாரே. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு உதவியாளன். அதாவது குடை பிடிப்பவன், வண்டி ஓட்டுபவன், பதில் கிடைக்காத கேள்விகளைக் கேட்பவன்.

மூவரும் அந்த இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, ஜூலை வெயிலில், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மணி பத்தேகால்.

"நேத்து விடிகாலை ஒத்திகைம்மா," என்றான் வெனெராந்தோ. முப்பது வயது, வண்டி மாடு மாதிரி தோள். குரல் மட்டும் கன்றுக்குட்டி. "அஞ்சு மணிக்கு கதீட்ரல் முன்னால தேர் நின்னுச்சு. நான் அங்கதான் ஏறினேன். அம்மை சிலைய தலையோட வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தாங்க. வெள்ளிக் கிரீடம் உள்ள இருக்கு, பாத்துக்கோன்னாரு குழுத் தலைவர் கவாலியேரே. சிலை ஆடாம இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் என் வேலை. நாற்சந்தி வரைக்கும் அவரும் மேல நின்னாரு. அங்க இறங்கிட்டாரு. மிச்ச தூரம் நான் ஒத்தையா வந்தேன். இந்த வாசல் வந்துச்சு. சரியா விடியல. நெத்திக்கு நேரா கறுப்பா ஒரு கோடு வந்துச்சு. குனிஞ்சேன்."

"எதுக்குக் குனிஞ்ச?" என்றேன்.

"இடிக்கும்னுதான் அண்ணே."

"எது? ஆகாயமா?"

"வாசல்னா மேல ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன். எங்க ஊர்ல இருக்கும்."

"உங்க ஊர்ல சோத்து உருண்டையவே கூம்பாப் பிடிப்பீங்க. அந்த ஊர் நியாயத்த இங்க பேசாத."

"கஸ்பாரே, வாய மூடு," என்றார் தோன்னா. "தம்பி, நீ சொல்லு. கரையில என்ன ஆச்சு?"

"துணிய எடுத்தாங்க. அம்மை தலையில கிரீடம் இல்ல. கவாலியேரே என்னைக் காட்டி, 'இவன்தான், வாசல்கிட்ட இவன் கை அம்மை தலைக்குப் போனத என் கண்ணால பாத்தேன், நான் பக்கத்துலயேதான் நின்னேன்'னு கத்தினாரு. என்னைத் தலைகீழா உதறிப் பாத்தாங்க. ஒண்ணும் கெடைக்கல. கடல்ல எறிஞ்சு வச்சிருப்பான், கூட்டாளி வந்து முங்கி எடுப்பான்னாங்க."

"அவரு நாற்சந்தியிலேயே இறங்கிட்டாருன்னு நீ சொல்லலயா?"

"சொன்னேன்மா. அந்த வாயாலதானே வாசல்ல குனிஞ்சேன்னும் சொன்னேன்? சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் சிரிப்புத்தான்."

விஷயம் அவ்வளவுதான். எங்கள் கால்சா பேட்டைக்கென்று ஒரு சின்னத் தேர். சின்னது என்றாலும் இரண்டு மாடி உசரம். நாளை சாயங்காலம் ஓட வேண்டும். தேர்க் குழுத் தலைவர் கவாலியேரே மமிலியானோ. 'கவாலியேரே' என்பது பட்டம். யார் கொடுத்தது என்று கேட்பது அநாகரிகம். இழுவை வண்டியை ஓட்டியவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். மேலே ஒருவர் நின்றாரா இருவர் நின்றார்களா என்று அவனுக்குத் தெரியாது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வெனெராந்தோ மேல் போலீஸில் புகார் போகிறது. இந்தத் தீவில் ஊர் ஊராகத் தேர் ஏறிப் பிழைக்கிறவன் அவன். அம்மையின் கிரீடத்தைத் திருடினான் என்று ஒரு காகிதம் எழுதப்பட்டால், ஜெயிலைவிட்டு வந்த பிறகும் எந்த ஊரும் அவனை ஏணியில்கூட ஏற விடாது.

நான் தோன்னாவைத் தனியே அழைத்துப் போனேன். "இவன் பொய் சொல்றான். பொய் சொல்றவன் ஊரப் பத்தியாவது தெரிஞ்சுக்கிட்டு சொல்லணும்."

"பொய் சொல்றவன் நாலு பேர் நம்புற மாதிரி சொல்லுவான்டா. இவ்வளவு கேவலமா ஒருத்தன் சொன்னா, அது உண்மையா இருந்தாத்தான் உண்டு." அவர் குடையை என்னிடம் தந்தார். "பசிக்குது. வா."

வாசலின் நிழலில் மூன்று சக்கர வண்டி போட்டு ஸ்ஃபின்சோனே விற்கிறவர் ரொக்கோ மாமா. வெங்காயமும் தக்காளியும் நெத்திலியும் போட்டுச் சுட்ட தடித்த ரொட்டி. வண்டிக்கு ஒலிபெருக்கி உண்டு. அதில் அவரே பதிவு செய்த குரல் நாள் முழுதும் கூவும். அதனால் மனிதர் நேரில் பேசுவது குறைவு.

"நேத்து விடிகாலை இங்கதானே இருந்தீங்க மாமா?" என்றார் தோன்னா, ஒரு துண்டை வாங்கிக் கடித்தபடி.

"எனக்குக் கண்ணு சரியில்ல."

"தேர் போச்சே?"

"காதும் சரியில்ல."

"வாசலுக்கு மேல ஏதாவது இருந்துச்சா?"

"அம்மா, இந்த வாசலுக்கு மேல நானூறு வருஷமா ஒண்ணுமில்ல. எங்க அப்பன் காலத்துல இல்ல, எங்க தாத்தன் காலத்துல இல்ல. எண்ணெய் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"அதான் நானும் சொன்னேன்." தோன்னா வெனெராந்தோவைக் காட்டினார். "இந்தப் பையன் சொல்றான், வாசலுக்குக் குறுக்க யாரோ துணி காயப் போடற கயித்தக் கட்டியிருந்தாங்களாம். அதுவும் தொளதொளன்னு தொங்கிட்டிருந்துச்சாம். கட்டினவனுக்கு ஒரு முடிச்சு போடக்கூடத் தெரியலன்னு..."

"கயிறா?" ரொக்கோ மாமா கரண்டியை வைத்தார். "கயிறுன்னா சொன்னான்? கேபிள்மா அது! விரல் தடிமன் கேபிள். தொளதொளன்னா? எம் மருமகன் இழுத்துக் கட்டினது, மாண்டலின் கம்பி மாதிரி நின்னுச்சு. அலங்கார விளக்கு மாட்ட முந்தாநாள் சாயங்காலம் கோபுரத்துக்குக் கோபுரம்..." அவர் நிறுத்தினார். ஒலிபெருக்கி மட்டும், "சூடா இருக்கு, வாசனையா இருக்கு" என்று கூவிக்கொண்டிருந்தது.

"கண்ணு சரியாயிடுச்சு போல," என்றேன்.

அப்புறம் மிச்சமும் வந்தது. அனுமதி வாங்கவில்லை. நேற்றுக் காலை எட்டு மணிக்குப் புராதனக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஸ்கூட்டரில் வந்தாள். மேலே பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் ஊரைக் காலி செய்தன. எட்டரைக்குக் கேபிள் இறங்கி, மருமகன் வீட்டுக் கட்டிலடியில் சுருண்டுகொண்டது.

நானூறு வருஷத்தில் ஒரே ஒரு இரவு அந்த வாசலுக்குத் தலை இருந்திருக்கிறது. கட்டியவர்களைத் தவிர அந்த இருட்டில் அதைப் பார்த்தவன் ஊரில் ஒரே ஒருத்தன். ஏனென்றால் அவனுக்கு மட்டும்தான் மேலே பார்க்கத் தோன்றியது.

"மன்னிச்சுக்கோ தம்பி," என்றேன்.

"பரவால்ல அண்ணே. நேத்துலேர்ந்து என்னை நம்பாதவங்கள்ல நீங்க அறுபத்தி மூணாவது ஆளு."

"ஆனா தோன்னா, இதுல என்ன லாபம்? குனிஞ்சது நெசம்னு ஆச்சு. திருடலன்னு ஆகலியே?"

தோன்னா விரலைச் சப்பிவிட்டு வெனெராந்தோவைப் பார்த்தார். "சிலை எவ்வளவு உசரம்டா?"

"பீடத்தோட என் புருவம் வரைக்கும் இருக்கும்மா. கிரீடம் அதுக்கு மேல ஒரு சாண்னாங்க. நான் அதப் பாத்ததே இல்ல."

"துணி எங்க?"

"பட்டறையில. தடயம்னு கவாலியேரே பூட்டி வச்சிருக்காரு."

"நல்ல மனுஷன்," என்றார் தோன்னா. "ரொக்கோ மாமா, இதே மாதிரி பத்து துண்டு பட்டறைக்குக் கொண்டாங்க. குழுவுக்கு என் செலவு. நீங்க எதையும் பாத்ததாச் சொல்ல வேணாம். ரொட்டி வித்தாப் போதும்."

பட்டறை என்பது கால்சாவில் பழைய உப்புக் கிடங்கு. தேர் நடுவில் நின்றது; உச்சியிலிருந்து இறக்கிய அம்மை சிலை மேசைமேல், பீடத்தோடு, வெறுந்தலையோடு. சுற்றிலும் குழு உறுப்பினர் ஆறு பேர், ஆளுக்கொரு விசிறியோடு. கவாலியேரே மமிலியானோ புகாரை மூன்று பிரதி தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஓரம் நேராக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகு தடவிய மீசை, கழுத்துப்பட்டை, அந்தப் புழுக்கத்திலும் காது வரை இறக்கிய வைக்கோல் தொப்பி.

"தோன்னா நின்ஃபா! திருடனையே கூட்டிட்டு வந்துட்டீங்க. போலீஸுக்கு வண்டிக் கூலி மிச்சம்."

"உங்க வாயால ஒரு தடவ கேக்கலாம்னு வந்தேன் கவாலியேரே. நீங்க சொன்னா அழகா இருக்குமாம்."

அவர் மலர்ந்தார். புகழ்ச்சிக்கு இவ்வளவு மலிவாக விற்பனையாகிற மனிதரை நான் பார்த்ததில்லை.

"கதீட்ரல்லேர்ந்து கடல் வரைக்கும் அம்மை பக்கத்துலயே நின்னேன். ஒரு நொடி நகரல."

"வாசல்லயும்?"

"வாசல்லயும்."

"இவன் குனிஞ்சேங்கிறானே?"

ஆறு விசிறிகளும் குலுங்கின. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போர்த்தா ஃபெலீச்சேல எவனாவது குனிவானா தோன்னா? நான் மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நின்னேன். நான் மட்டுமா? எங்க அப்பா, எங்க தாத்தா, அத்தனை பேரும் நிமிர்ந்துதான் போனாங்க. மேல நட்சத்திரத்தத் தவிர ஒண்ணுமில்ல."

"நீங்க இவனைவிட உசரமா, குள்ளமா?"

"கேள்வியப் பாரு!" அவர் வந்து வெனெராந்தோ பக்கத்தில் நின்றார். தொப்பியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் நாலு விரல் அதிகம். "கட்டானியாவுல மலைதான் உசரம், மனுஷன் இல்ல."

மறுபடியும் சிரிப்பு. வெனெராந்தோ தரையைப் பார்த்தான். எனக்கு அந்த ஆறு விசிறிகளையும் ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

"துணியக் கொஞ்சம் காட்டுங்க," என்றார் தோன்னா.

கவாலியேரே அலமாரியைத் திறந்து, பட்டுச் சேலை மாதிரி ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார். தோன்னா அதை வாங்கிச் சிலையின் தலையில் போட்டு இழுத்துவிட்டார். வெள்ளைத் துணி. உச்சந்தலையில், இந்தக் காதுக்கு மேலிருந்து அந்தக் காதுக்கு மேல் வரை, ஒரு கறுப்புக் கோடு. அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி.

"இது என்ன கவாலியேரே?"

"அழுக்கு."

"அழுக்கு இவ்வளவு ஒழுக்கமா இருக்குமா? இது கேபிள் உரசின கோடு. நேத்து விடிகாலை வாசலுக்குக் குறுக்க ஒரு கேபிள் இருந்துச்சு."

"கேபிளா?" கவாலியேரே வயிறு குலுங்கச் சிரித்தார். "போர்த்தா ஃபெலீச்சேல கேபிள்! கேட்டீங்களா? யாரு கட்டினது, கட்டானியாக்காரங்களா? அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல! அந்த வாசல்ல ஒரு நூல் கட்டக்கூட இந்த ஊர்ல எவனுக்கும் துப்பில்ல!"

வாசற்படியில் தட்டு ஒன்று தடாலென்று வைக்கப்பட்டது.

"எவனுக்குத் துப்பில்ல?" ரொக்கோ மாமா முகம் அவர் தக்காளியைவிடச் சிவந்திருந்தது. "எம் மருமகன் கையால கட்டினான்! ரெண்டு பக்கமும் மூணு முடிச்சு! காத்து அடிச்சா பாடும்! இல்லவே இல்லயாம்ல!"

விசிறிகள் நின்றன.

"யாரு மாமா கட்டினது?" என்று ஒரு உறுப்பினர் மெல்லக் கேட்டார்.

ரொக்கோ மாமா யோசித்தார். "எனக்கு மருமகனே கிடையாது," என்றார். "ரொட்டி ஆறுது. சாப்பிடுங்க."

தோன்னா ஒரு கையால் சிலையின் தலையைத் தடவினார். "கேபிள் இந்தப் பையன் நெத்திக்கு நேரா வந்துச்சு. அதனால குனிஞ்சான். அம்மை தலை அவன் புருவ உசரம். அதனால கேபிள் உச்சந்தலைய உரசிட்டுப் போச்சு, கோடு விழுந்துச்சு. இப்ப உள்ள கிரீடம் இருந்திருந்தா? ஒரு சாண் வெள்ளி, மேல கூர் கூரா முனை. கேபிள் அதுல மாட்டியிருக்கும். துணி கிழிஞ்சிருக்கும். அம்மையே சாஞ்சிருப்பா. கோடு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க. வாசலுக்கு வர்றப்பவே அம்மை தலையில கிரீடம் இல்ல."

"வழியில எடுத்திருப்பான்!" என்றார் கவாலியேரே.

"நீங்க பக்கத்துலயேதானே இருந்தீங்க? ஒரு நொடி நகரலியே? வாசல்லதான் கை போச்சுன்னு மூணு பிரதி வேற அடிச்சிருக்கீங்க."

அவர் மறுபடியும் பிரதிகளின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார்.

நான் விடவில்லை. "இன்னொரு சந்தேகம் கவாலியேரே. இவனைவிட நாலு விரல் உசரம் நீங்க. நிமிர்ந்து வேற நின்னீங்க. கேபிள் உங்க மூக்குலயாவது பட்டிருக்கணும். மீசை ரெண்டு பக்கமும் சரியாத்தானே இருக்கு?"

"தொப்பியக் கழட்டுங்க," என்றார் தோன்னா.

"எதுக்கு? எனக்கு ஜலதோஷம்."

"ஜூலையிலயா?"

ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். கவாலியேரே தொப்பியைக் கழற்றினார்.

கேபிள் பட்ட காயம் இல்லை. அது எனக்கும் தெரியும். அவர் அங்கே நிற்கவே இல்லை. ஆனால் நெற்றியைச் சுற்றி, மாலை போட்ட மாதிரி வரிசையாக, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். தோன்னா துணியை விலக்கினார். அம்மையின் மரத் தலையைச் சுற்றியும் அதே மாதிரி வரிசையாக, சின்னச் சின்ன ஓட்டைகள்.

"கிரீடம் நழுவாம இருக்க உள்பக்கம் பல்லு வச்சிருப்பாங்க," என்றான் வெனெராந்தோ மெதுவாக. "மரத்தக் கவ்விக்கும்."

"மனுஷன் தலையையும் கவ்வுமா?" என்றேன்.

கவாலியேரே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மீசையின் ஒரு முனை தானாகவே தொங்கியது.

"இருபத்திரண்டு வருஷமா நான்தான் அவளுக்குச் சூட்டிவிடறேன்," என்றார். "நேத்து விடிகாலை நாலு மணிக்கு இங்க நான் மட்டும்தான். கண்ணாடி இருந்துச்சு. ஒரே ஒரு தடவ, எப்படி இருக்குன்னு..."

"எப்படி இருந்துச்சு?" என்றார் தோன்னா.

"நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வரமாட்டேன்னுடுச்சு. இழுத்தேன். பட்டை ரெண்டா விட்டுப்போச்சு. துணியப் போட்டு மூடிட்டேன். மேல் அங்கிக்குள்ள கிரீடத்த வச்சுக்கிட்டு ஏறினேன். நாற்சந்தியில இறங்கி வெள்ளித் தட்டான் வீட்டுக் கதவத் தட்டி எழுப்பினேன். கால் மணியில ஒட்டிருவான், கரையில வச்சிடலாம்னு நெனச்சேன். ரெண்டு நாளாகும்னுட்டான். சந்து வழியா ஓடி வந்து, தேருக்குப் பின்னாலேர்ந்து இறங்கினவன் மாதிரி வர்றதுக்குள்ள துணிய எடுத்துட்டாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. இவன் பக்கத்துல நின்னான். வேற ஊர்க்காரன். வாசல்ல குனிஞ்சேன்னு வேற சொல்லிக்கிட்டிருந்தான்..."

"அதனால?"

"அதனால சுலபமா இருந்துச்சு."

எனக்குக் கைவசம் நாலு வசனம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. தோன்னா திரும்பிப் பார்த்தார்.

குழுவில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "சரி, நம்ம வீட்டு விவகாரம். வெளிய போக வேணாம். கிரீடம் பழுது பாக்கப் போயிருக்குன்னு சொல்லிடலாம். தம்பி, நீ நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடு."

"வர்றேன்," என்றான் வெனெராந்தோ. "ஆனா என்னைத் திருடன்னு தெருவுல வச்சுச் சொன்னீங்க. இல்லங்கிறத மட்டும் கிடங்குக்குள்ள சொல்றீங்க."

"என்ன பண்ணச் சொல்ற? மன்னிப்புக் கடிதம் வேணுமா? மூணு பிரதி?"

"கடிதத்த யாரு படிப்பா?" அவன் மேசையிலிருந்த புகார்களை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அப்புறம் கவாலியேரே முன்னால் போய் நின்றான். கன்றுக்குட்டிக் குரல் காணாமல் போயிருந்தது. "நாளைக்கு சாயங்காலம் தேர் ஓடறப்போ நீங்க மேல என் பக்கத்துல நிக்கணும். ஊர் மொத்தமும் ரெண்டு பக்கமும் நிக்கும். வாசல் வர்றப்போ நீங்க குனியணும்."

"கேபிளத்தான் எடுத்தாச்சே!" என்றார் கவாலியேரே.

"எடுத்தாச்சு."

"மேல ஒண்ணுமே இருக்காதே!"

"ஒண்ணுமே இருக்காது."

கவாலியேரே ஆறு பேரையும் பார்த்தார். ஆறு பேரும் ரொட்டியைப் பார்த்தார்கள். தோன்னாவைப் பார்த்தார். தோன்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பன்னிரண்டாக மூன்று நிமிஷம்.

"இல்லன்னா?"

"இல்லன்னா இந்தப் புகார நானே எடுத்துட்டுப் போறேன். அடியில உங்க கையெழுத்து இருக்கு. மிச்சத்த தோன்னா எழுதித் தருவாங்க."

தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே, பலேர்மோவின் கவாலியேரே மமிலியானோ கேட்டார்:

"எவ்வளவு குனியணும்?"

"நேத்து எவ்வளவு நிமிர்ந்து நின்னீங்களோ," என்றான் கட்டானியாக்காரன், "அவ்வளவு."